வலையின் கண்

கொல்லையில் காய்கறி போடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அணிலில் வந்து நிற்கும். தக்காளி பழுக்கத் தொடங்கிய அன்றே ஒரு பக்கம் கடித்துப் போட்டுவிட்டது, முளைத்த கடலையை மயில் கிளறிவிட்டது, சுரைக்காயின் அடியை எலி குடைந்துவிட்டது என்று வரிசையாகக் கணக்கு வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "வலை கட்டிடுங்க." என்ன வலை, கண் எத்தனை மில்லிமீட்டர், எந்த நூல், தரையோடு அதை எப்படிச் சேர்ப்பது என்று சொல்கிறவரும் சொல்வதில்லை, கேட்கிறவரும் கேட்பதில்லை. கேட்டவர் மறுநாள் கடைக்குப் போய், இருப்பதில் விலை குறைந்த தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையை எடைக்கு வாங்கிவந்து, நாலு சவுக்குக் கழி நட்டு அதன்மேல் போர்த்திவிடுகிறார். தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் இன்று நடக்கும் பெரிய தவறு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பூச்சிமருந்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் வலையைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பது மனதை விட்டு அகலாத கேள்வியாகவே இருக்கிறது.

அந்த வலையால் முதலில் தோட்டத்துக்கே பயனில்லை. மீன்பிடிக்கென நெய்த தங்கூசி வலையின் கண் பெரும்பாலும் 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். அணில் குட்டி அதில் தாராளமாக நுழையும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். மண்டை ஓடு புகுமளவுக்கு ஓட்டை இருந்தால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வளர்ந்த எலிக்கு ஓட்டையே வேண்டாம், நூலை ஓர் இரவில் கடித்து வழி செய்துகொள்ளும். காற்றில் வலை தொய்ந்து செடிமேல் படிந்துவிட்டால், கிளியும் மைனாவும் வெளியிலிருந்தபடியே பழத்தைக் கொத்தும். இத்தனை ஓட்டையுள்ள வலை யாரைத்தான் தடுக்கிறது என்று பார்த்தால், தடுக்க வேண்டியிராத உயிர்களை மட்டும் சரியாகப் பிடித்து வைக்கிறது. ஓணான், சில்லைக் குருவி, இரவில் எலி தேடி வரும் ஆந்தை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாரைப்பாம்பு.

சாரை வலையில் சிக்குவது எப்படி

சாரை பகலில் இரை தேடும் பாம்பு. நஞ்சில்லாதது. எலியின் தடம் பிடித்து வேலியோரமாகவே போகும். வலையின் அடிப்பாகம் தரையில் சுருண்டு கிடக்கும் இடமும் அதுதான். தலை ஒரு கண்ணுக்குள் சுலபமாகப் போய்விடும். கழுத்தைத் தாண்டி உடம்பு தடிக்கத் தொடங்கும் இடத்தில் நூல் இறுகும். பின்வாங்கலாம் என்றால் அதன் செதில்கள் பின்னோக்கி அடுக்கப்பட்டவை, ஒவ்வொரு செதிலின் விளிம்பும் கொக்கிபோல நூலில் மாட்டும். பின்னால் போக முடியாததால் முன்னால் தள்ளும். தொய்ந்து கிடக்கும் வலையில் அடுத்த மடிப்பு காத்திருக்கும். இப்படி நாலைந்து கண்களுக்குள் ஊசிநூல் கோத்ததுபோல் உடம்பு கோக்கப்பட்டுவிடும். தங்கூசி நூல் மெல்லியது, எளிதில் அறாது. துடிக்கத் துடிக்கச் செதிலுக்கு அடியில் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பாம்பு தன் உடல் வெப்பத்தை நிழலுக்கும் வெயிலுக்கும் மாறி மாறி நகர்ந்துதான் சரிசெய்துகொள்ளும் பிராணி. நகர முடியாமல் பங்குனி வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் அந்த வெப்பமே அதைக் கொன்றுவிடும்.

எலிக்குப் பயந்து கட்டிய வலையில் எலியைத் தின்ன வந்த பாம்பு சாகிறது. இந்த ஒரு காட்சியை மனதில் வாங்கிக்கொண்டால் வலை வாங்கும் விதமே மாறிவிடும். எதைத் தடுக்க வேண்டும் என்பதோடு எதைச் சிக்கவைக்கக் கூடாது என்பதும் சேர்ந்துதான் கண்ணின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே வீட்டுத் தோட்டத்தில் பழங்களைக் காக்கப் போடும் வலையின் கண், முழுதும் இழுத்துப் பிடித்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்ற அளவைத் தாண்டக் கூடாது. பழந்தின்னி வௌவால்களும் பாம்புகளும் பறவைகளும் வலையில் சிக்கிச் சாவதைப் பார்த்துத்தான் அந்த விதி வந்தது. அங்கே சொல்லிக்கொடுக்கும் சோதனை எளிமையானது: வலைக்குள் விரல் நுழைந்தால் அது ஆபத்தான வலை. நம்மூர்க் கடையில் நின்றுகொண்டும் இதைச் செய்துபார்க்கலாம். கண்ணுக்குள் சுண்டுவிரல் நுனி போனால் வாங்காதீர்கள். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். இரவில் பறக்கும் உயிர்களுக்குக் கறுப்பையும் பச்சையையும்விட வெள்ளை நன்றாகத் தெரியும். தங்கூசியாக இல்லாமல் பின்னல் வலையாக இருக்கட்டும். வெயில் தாங்கும் யூவி பதம் செய்ததா என்றும் கேளுங்கள். பதம் செய்யாத கொசுவலைத் துணி ஒரே கோடையில் தொட்டால் உதிரும் அளவுக்கு இற்றுப்போகும்.

கீழே கம்பி, மேலே துணி

சின்னக் கண் வலை பாம்பைச் சிக்கவைக்காது என்றாலும், பிளாஸ்டிக் என்று ஆனபின் எலி கடிக்கவே செய்யும். அதனால் கூண்டை இரண்டு அடுக்காக நினைத்துக்கொள்வது நல்லது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை கம்பி வலை, அதற்கு மேலும் கூரைக்கும் பின்னல் வலை.

20 அடிக்கு 10 அடி பாத்தி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 60 அடி. 4 அடி அகலச் சுருளாக, அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்க வேண்டும். சுண்டெலி இதிலும் நுழையக்கூடும், வளர்ந்த எலியையும் பெருச்சாளியையும் நிறுத்தத்தான் இது. கம்பியின் தடிமன் 18 அல்லது 19 கேஜ் இருக்கட்டும். அறுகோணக் கண் உள்ள கோழிவலை விலை குறைவுதான், ஆனால் கம்பி மெல்லியது, மண்ணுக்குள் சீக்கிரம் துருப்பிடித்து இற்றுவிடும். வெல்டு மெஷ்ஷிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியது ஒரு வகை, பூசிய கம்பியைப் பிறகு பற்றவைத்தது இன்னொரு வகை. இரண்டாவதில் ஒவ்வொரு இணைப்பிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். மண்ணில் புதைக்க முதல் வகையே ஏற்றது.

சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் போல வெட்டுங்கள். 4 அடி வலையில் கீழ் 6 அங்குலத்தை வெளிப்புறமாக மடித்து, வாய்க்காலின் அடியில் படுக்கவையுங்கள். அடுத்த ஒரு அடி மண்ணுக்குள் செங்குத்தாக நிற்கும். மீதி இரண்டரை அடி மேலே வரும். வெளிப்புற மடிப்புதான் இந்த வேலையின் உயிர்நாடி. பெருச்சாளி வேலியின் காலடிக்கு வந்து அங்கிருந்தே கீழ்நோக்கித் தோண்டும். நேராகப் புதைத்த வலையென்றால் அதன் கீழ் விளிம்பைக் கண்டுபிடித்து அடியில் புகுந்துவிடும். மடிப்பு இருந்தால் தோண்டத் தோண்ட காலுக்குக் கீழே கம்பிதான் தட்டும். பின்னால் நாலு அடி தள்ளிப்போய்த் தோண்டினால் தப்பிக்கலாம் என்பது அதற்குத் தோன்றுவதில்லை. மடிப்பை உள்பக்கமாகப் போட்டுவிட்டு "வலை புதைத்தும் பலனில்லை" என்று வருந்துகிறவர்கள் நிறைய. வலை இரண்டு துண்டாகச் சேரும் இடத்தில் 4 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். 4 அங்குலத்துக்கு ஒரு கட்டு, பூச்சுள்ள கட்டுக்கம்பியால்.

தூண்களுக்கு ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் நீடித்து உழைக்கும். சவுக்குக் கழி என்றால் மண்ணுக்குள் போகும் பாகம் கரையானுக்கும் ஈரத்துக்கும் ஓரிரு ஆண்டுகளில் போய்விடும் என்று தெரிந்தே நட வேண்டும். ஆறு அடிக்கு ஒரு தூண், ஏழு அடி உயரம். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டுக்குள் யாரும் களை எடுக்கப் போக மாட்டார்கள், களை எடுக்காத கூண்டில் எலி குடியேறும். கூரைவலை தொய்யாமலிருக்கத் தூண்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, வலையை அதன்மேல் விறைப்பாகப் பரப்பி, கம்பி வலையோடு சேரும் விளிம்பில் அரை அடி கீழே மடக்கிக் கட்டுங்கள். வலையின் எந்த மூலையும் தரையில் கிடக்கக் கூடாது.

இத்தனையும் செய்துவிட்டுக் கதவில் கோட்டை விடுவார்கள். கதவுக்கு அடியில் ஒரு அங்குலச் சந்து இருந்தால் 60 அடிக்குப் புதைத்த வலையும் வீண். கதவு விழும் இடத்தில் செங்கல் வைத்துச் சிமெண்டில் ஒரு வாசற்படி கட்டிவிடுங்கள். கதவின் அடியில் தகரப் பட்டை ஒன்று திருகி, சந்து ஒரு பென்சில் நுழையாத அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

மாடியில் தோண்டும் தொல்லை இல்லை, ஏறும் தொல்லைதான். மாடிச் சுவரிலிருந்து 2 மீட்டருக்குள் நீளும் மரக்கிளைகளைக் கழித்துவிட்டாலே அணிலின் வரத்து பாதியாகும். சுவரோடு ஏறும் கழிவுநீர்க் குழாய்தான் எலிக்குப் படிக்கட்டு. ஓர் அடி அகலத் தகரத்தைக் கூம்பாகச் சுருட்டி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, சுவர்ப்பக்கமும் இடுக்கில்லாமல் குழாயைச் சுற்றிப் பொருத்தினால் ஏறி வருவது அங்கேயே திரும்பிவிடும்.

கூண்டுக்குள் எது, வெளியே எது

கண் சின்னதானால் தேனீயும் தயங்கும். இது பலருக்குக் காய் பிடிக்காமல் போன பிறகுதான் உறைக்கிறது. பூசணி, பாகல், சுரை, பீர்க்கு, புடலை எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைச் சுமந்துவர யாராவது வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, கொத்தவரை ஆகியவை தம் பூவிலேயே காய்க்கக்கூடியவை. கத்தரிக்கும் தக்காளிக்கும் காலையில் பூங்கொத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். ஆகவே இரண்டாவது கூட்டத்தைக் கூண்டுக்குள் வைத்துவிட்டுக் கொடிகளை வெளியே பந்தலில் ஏற்றுவதே புத்திசாலித்தனம். அணிலும் கிளியும் அதிகம் தேடிவருவதும் தக்காளியையும் மிளகாயையும்தான்.

இடமில்லாமல் கொடியையும் உள்ளே வைத்தால் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலர்பவை, ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். புடலை இருட்டிய பின் விரியும். இவற்றுக்கு இயற்கையில் அந்துப்பூச்சிகள் வருகின்றன. ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மூன்று நான்கு முறை மெதுவாகத் தடவுங்கள். பெண் பூவின் அடியில் பிஞ்சு உருவிலேயே ஒரு காய் இருக்கும், அடையாளம் தப்பாது.

பந்தல் காய்களுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுவது வலையைவிட நல்ல பாதுகாப்பு. பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மாட்டிவிட்டால் காய் ஈயும் முட்டையிட முடியாது, கிளியும் தொடாது. பையின் வாயைக் காம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டவேண்டும், இறுக்கினால் காம்பு நெரிந்து பிஞ்சு உதிரும்.

தக்காளிக்கு வேறொரு வழி இருக்கிறது, செலவே இல்லாதது. செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருப்பதால்தான் அணிலுக்குப் போகிறது. காயின் அடிப்பகுதியில் பச்சை வெளுத்து இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும் செங்காய்ப் பதத்தில் பறித்து, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் காம்பு கீழே இருக்கும்படி பரப்பி வையுங்கள். நாலைந்து நாளில் பழுத்துவிடும். பழுக்கும் வேலையை அந்தப் பதத்திலேயே காய் தொடங்கிவிடுகிறது, சுவையில் பெரிய குறை வராது. குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், குளிரில் பழுப்பது நின்று மணமும் போய்விடும்.

எலியை அழைப்பது எது

எலி தொல்லை என்று சொல்லும் தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது உரத்தொட்டி. சோறும் பருப்பும் எண்ணெய்ப் பண்டமும் போட்ட தொட்டி எலிக்குப் பந்தி. காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மட்டும் போட்டு, அடியிலும் கம்பி வலை அடித்து வையுங்கள். இயற்கை உரம் என்று நம்பி இடும் கடலைப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் மீன் அமிலமும் (மீனை வெல்லத்தோடு புளிக்கவைத்த கரைசல்) வாசனையாலேயே பெருச்சாளியைக் கூட்டிவரும். ராத்திரியில் பாத்தியே புரட்டிப் போடப்பட்டிருந்தால் அது செடியைத் தேடி வந்ததில்லை, முந்தின நாள் ஊற்றிய மீன் அமிலத்தைத் தேடித்தான் வந்திருக்கிறது. புண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த நீராக ஊற்றி மேலே மண் அணைப்பது, அல்லது வேப்பம் புண்ணாக்குக்கு மாறுவது நல்லது.

வளைகளில் எதில் எலி இருக்கிறது என்று அறிய, மாலையில் எல்லா வாய்களையும் ஈர மண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் திறந்திருப்பது குடியிருக்கும் வளை. அதன் அருகே சுவரை ஒட்டிப் பொறியை வையுங்கள். எலி திறந்தவெளியைக் கடக்காது, சுவரை உரசிக்கொண்டே ஓடும். புதிய பொருள் எதையும் சில நாள் சந்தேகத்தோடு விலகிப் போவது எலியின் இயல்பு. அதனால் முதல் மூன்று இரவுகள் பொறியை விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சில்லை மட்டும் வைத்துத் தின்னவிடுங்கள். நாலாவது இரவு ஏற்றுங்கள். தஞ்சாவூர் கிட்டி என்று வயல்களில் வைக்கும் மூங்கில் பொறியும் இதே பொறுமையைத்தான் கேட்கும்.

பசைத்தட்டை வேண்டவே வேண்டாம். எலியைவிட அதிகமாகப் பல்லியும் ஓணானும் தவிட்டுக்குருவியும் அதில் ஒட்டி அணு அணுவாகச் சாகும். விஷக்கட்டியும் வேண்டாம் என்பேன். புரோமாடியலோன் போன்றவை தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்கும் பூனைக்கும் சாரைக்கும் எளிதில் கிடைக்கும் இரை. அதன் உடம்பிலுள்ள நஞ்சு அவற்றுக்குள்ளும் போகும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை மனிதர்களுக்கே மாற்றுமருந்தில்லாத நஞ்சு, தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது.

மயிலும் குரங்கும்

மயில் பெரும்பாலும் பாத்திக்குள் நேராக இறங்காது. பக்கத்துத் திறந்த இடத்தில் இறங்கி நடந்து வரும். ஆகவே உயரமான கூரையைவிட, உள்ளே இருப்பதைக் கண்ணுக்கு மறைக்கும் பக்கத் தடுப்பே அதற்குப் பயன்படும். பழைய சேலைகளை ஐந்தடி உயரத்துக்குக் கட்டும் நம் ஊர் வழக்கம் காரணமில்லாமல் வந்ததில்லை. கூடவே பாத்திக்கு மேல் ஒரு அடி உயரத்தில், இரண்டடிக்கு ஒன்றாக, தடித்த வெள்ளைப் பருத்திக் கயிறு இழுத்தால் இறக்கை விரித்து இறங்க இடம் இருக்காது. இங்கும் தங்கூசி கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும். கடலையோ பயறோ விதைத்தால் முதல் பதினைந்து நாள் தென்னங்கீற்றைக் கவிழ்த்துப் போட்டு வையுங்கள். மயில் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பளபளக்கும் நாடா, பழைய குறுந்தகடு, சோளக்கொல்லைப் பொம்மை எல்லாம் சில நாள்தான் பலிக்கும். பயந்த இடத்தில் ஒன்றும் நேரவில்லை என்று பறவைக்குத் தெரிந்துவிட்டால் பொம்மையின் தோளிலேயே வந்து உட்காரும். விதைத்தது முதல் அறுவடை வரை கட்டி வைக்காமல், பழம் திரளும் கடைசிப் பத்து நாளுக்கு மட்டும் எடுத்துக் கட்டினால் அந்தப் பத்து நாளைத் தாண்டிவிடலாம்.

குரங்கை வலை தடுக்காது. கூட்டமாக வந்து, கையால் பிரித்து, பல்லால் அறுத்து, கட்டை அவிழ்க்கவும் கற்றுக்கொள்ளும் பிராணி அது. முழுதும் வெல்டு மெஷ்ஷால் கூரை போட்ட கூண்டு கட்ட வசதியில்லாதவர்கள், மலையடிவார ஊர்களில், பயிரை மாற்றிக்கொள்வதே மேல். மஞ்சள், இஞ்சி, சேனை, கருணை, மிளகாய் இவற்றைக் குரங்கு குறைவாகவே தொடும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக் கம்பிக்குக் கொடுப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. பன்றிக்கு என்று வைத்த கம்பியில் மனிதர்கள் இறந்த செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது.

கொங்கு நாட்டுக் கிளுவை வேலியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. போத்து (கிளைத்துண்டு) நட்டு வளர்த்த அந்த முள்வேலி ஆட்டையும் மாட்டையும் நிறுத்தும். சாரையும் கீரியும் ஓணானும் மட்டும் தம் வழியில் போய்வரும். எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாது. இடமும் பொறுமையும் உள்ளவர்கள் கம்பிக் கூண்டுக்கு வெளியே ஒரு வரிசை கிளுவை நடலாம்.

ஏற்கெனவே தங்கூசி கட்டியவர்களுக்கு

இன்றைக்கே கழற்றுங்கள். கழற்றும்வரை காலையும் பிற்பகலும் அடிவரிசையைச் சுற்றிப் பாருங்கள். பாம்பு சிக்கியிருந்து, அது என்ன பாம்பு என்று தெரியவில்லை என்றால் கிட்டே போகாதீர்கள். வெயில் படாமல் மேலே ஒரு ஈரச் சாக்கை நீளக் கழியால் தள்ளிப் போர்த்திவிட்டு வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். சிக்கிய உடம்பை இழுக்கவே கூடாது, செதிலோடு தோல் உரிந்துவிடும். பழகியவர்கள் தலையைத் துணியால் மூடி, பாம்பைச் சுற்றியுள்ள வலையை முதலில் கூண்டிலிருந்து வெட்டித் தனியாக எடுத்து, பிறகு மழுங்கிய முனையுள்ள கத்தரியால் ஒவ்வொரு இழையாக, தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக அறுப்பார்கள். தோலுக்குள் இறங்கிய இழை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் பாம்பு போன பிறகும் அது இறுகிக்கொண்டே இருக்கும்.

வெட்டி எடுத்த வலையை அப்படியே குப்பையில் எறியாதீர்கள். ஒவ்வொரு கண்ணும் திறந்துபோகும்படி துண்டு துண்டாக நறுக்கி, ஒரு பையில் கட்டிப் போடுங்கள். முழு வளையமாகக் கிடக்கும் ஒரே ஒரு கண் போதும், நாளைக்குக் குப்பைமேட்டில் ஓணானோ காக்கையின் காலோ அதில் மாட்டும்.